பிர்னோ ஆட்டத்தின் கடைசி நகர்த்தல்

3 மார்ச் 2025, திங்கள்

இன்று பெரிய பிழை ஒன்று செய்துவிட்டேன். பக்கத்து வீட்டு பொகுமில் அங்கிளுக்கு வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு. சூப் கொண்டுபோன இடத்தில் முன்னறையையும் கூட்டித் துடைத்தேன். மேசையில் செஸ் பலகை, காய்கள் கண்டபடி நின்றன. எல்லாவற்றையும் துணியால் துடைத்து, சாமியறைப் படங்களை வைப்பதுபோல இரண்டு பக்கமும் வரிசையாக அடுக்கிவிட்டேன்.

மூன்று கிழமையாக அவர் யோசித்துக்கொண்டிருந்த நிலையாம். "ஐயோ அங்கிள், சொறி" என்றேன்.

அவர் சிரித்தார். "இவ்வளவு சுத்தமாக என்னை யாரும் தோற்கடித்ததில்லை, சிவாஜினி."

பிறகு இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பத்தொன்பது காய்கள். ஒரு தேவாரம் பாடும் நேரம்கூட ஆகவில்லை. பிள்ளையாரே, ஒரு மனிசன்ர தலைக்குள்ள இவ்வளவு இடமோ?

7 மார்ச், வெள்ளி

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். "ஆர், குப்பை வாளியைப் பிழையான நாளில வெளிய வைக்கிறவரோ?" என்று கேட்டார்.

"ஓம், அவர்தான். கிராண்ட்மாஸ்ரராம்."

"அப்ப குப்பைக் கிழமையும் தெரியோணுமே!"

மகள் தர்சினி போனில் தேடினாள். "அம்மா! ஹி இஸ் லெஜிட்!" என்று கத்தினாள். பொகுமில் ரெஸெக். செக் நாட்டு பிர்னோ நகரம். 1972இல் கிராண்ட்மாஸ்டர். 1981இல் வியன்னாவுக்குப் போட்டிக்குப் போனவர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அங்கே அவர் பெயரை எழுதுவதையே விட்டுவிட்டார்களாம். மெல்பேர்னில் பதினெட்டு வருடம் பெயின்ற் தொழிற்சாலை. நெட்டில் அவருடைய ஆட்டம் பதினொன்றுதான் கிடக்கிறது.

பதினான்கு வருடமாக வேலிக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறார். நான் கறிவேப்பிலை மட்டும் கொடுத்திருக்கிறேன்.

19 மார்ச், புதன்

அவராகவே கேட்டார். பிர்னோவில் அவருடைய பழைய செஸ் கழகம் புத்தகம் போடுகிறது. நாற்பது ஆட்டங்கள் கேட்டிருக்கிறார்கள். எழுதிவைத்த கொப்பிகள் எல்லாம் தாயின் வீட்டோடு போய்விட்டன. மிச்சம் இருப்பது தலையில் மட்டும். அந்தத் தலையைப் பற்றித்தான் டொக்டர் போன மாதம் சொன்னாராம்: புதிய ஞாபகங்கள் முதலில் போகும், பழையவை பிறகு. எப்போது என்று சொல்ல முடியாதாம்.

"நீ எழுதுவாயா?"

"எனக்கு விளையாடத் தெரியாது, அங்கிள்."

"எழுதத் தெரியும். பார்த்திருக்கிறேன்."

கோயில் அன்னதானச் சாமான் கொப்பியைச் சொல்கிறார். அரிசி, பருப்பு, தேங்காய், எல்லாம் வரவும் செலவும் கோடு போட்டு எழுதுவேன். எங்கள் ஊர் லைப்ரரியில் ஒரு சிறுவர் செஸ் புத்தகம் எடுத்து வந்தேன். குதிரை எப்படித் தாவும் என்று விளங்க மட்டும் இரண்டு நாள் எடுத்தது.

14 ஏப்ரல், திங்கள்

வருடப் பிறப்பு. பலகாரம் கொண்டுபோனேன். ஒன்பதாவது ஆட்டம் முடிந்தது. என் பெயரை மறந்துவிட்டார், திரும்பக் கேட்டார். ஆனால் 1966இல் எதிரே இருந்தவர் எத்தனையாவது நகர்த்தலுக்கு முன் மூக்குச் சீறினார் என்று தெரிகிறது!

2 மே, வெள்ளி

இன்று பிர்னோ ஆட்டம். கிராண்ட்மாஸ்டர் பட்டம் கிடைத்த ஆட்டம். வென்றால் பட்டம், சமநிலை என்றாலும் இல்லை. இருபத்தேழாம் நகர்த்தலில் ராணியைச் சும்மா கொடுத்தார். நான் பேனையை வைத்துவிட்டேன்.

"ஏன் அங்கிள்? பயப்படவில்லையா?"

"பயந்தேன். கையை மேசைக்குக் கீழே வைத்திருந்தேன், நடுங்குவது தெரியாமல்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தேழு வயதில் ஊரை விட்டு விமானத்தில் ஏறுவதற்கே நான் அப்படித்தான் கையை ஒளித்தேன். அதற்குப் பிறகு அவர் வேகமாக நகர்த்திக்கொண்டு போனார். நானும் எழுதிக்கொண்டு போனேன்.

வீட்டில், வழக்கம்போல இரண்டு தரம் பலகையில் வைத்துப் பார்த்தேன். கடைசியில் கோட்டைக் காய் வருகிறது, எதிராளி தோல்வியை ஒப்புக்கொள்கிறார். ஏன்? அவருடைய அரசன் ஓட ஒரு கட்டம் திறந்துதானே கிடக்கிறது?

எனக்கு அறிவு காணாது. அவ்வளவு பெரியவர்களின் ஆட்டத்தில் நான் என்ன கேள்வி கேட்பது.

20 ஜூன், வெள்ளி

முப்பத்தெட்டு. இன்னும் இரண்டு, எவை என்று யோசித்துச் சொல்வாராம்.

30 ஜூலை, புதன்

அங்கிளுக்கு ஸ்ட்ரோக். காலையில் குப்பை வாளி வெளியே வரவில்லை என்று இவர்தான் போய்க் கதவைத் தட்டினார். நல்ல காலம், தட்டினார். வலது பக்கம் அசையவில்லை, பேச்சு இல்லை. பிள்ளையார் கோயிலில் அவருக்காக அர்ச்சனை செய்தேன். ஐயருக்கு அவருடைய நட்சத்திரம் என்ன என்று சொல்வது? என்னுடையதையே சொன்னேன்.

அந்த இரண்டும் எந்த ஆட்டங்கள்? இனி ஆரைக் கேக்கிறது?

13 ஆகஸ்ட், புதன்

கழகத்திலிருந்து மின்னஞ்சல். மாத முடிவுக்குள் அனுப்பவேண்டும். இருப்பது போதுமாம்.

27 ஆகஸ்ட், புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கோயிலால் நேரே, அங்கிள் இப்போது இருக்கிற பராமரிப்பு இல்லத்துக்குப் போனேன். அனுப்புவதற்கு முன் அவருக்கு ஒருதரம் காட்டவேண்டும் என்று பலகையும் கொப்பியும் கொண்டுபோனேன். மோதகம் ஒன்றை நேர்ஸைக் கேட்டுப் பிய்த்துக் கொடுத்தேன். என்னை யாரென்று தெரியவில்லை.

பிர்னோ ஆட்டத்தை முதலிலிருந்து வைத்துக் காட்டினேன். சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராணியைக் கொடுத்தபோது முகம் திரும்பியது. கடைசியாகக் கோட்டையை வைத்துக் கையை எடுத்தேன்.

அவருடைய இடது கை மெதுவாக வந்தது. கோட்டையைப் பிடித்தது. ஒரு கட்டம், ஒரேயொரு கட்டம், தள்ளி வைத்தது.

நான் குனிந்து பார்த்தேன். திறந்து கிடந்த கட்டம் மூடிவிட்டது. அரசனுக்குப் போக இடமே இல்லை. மே மாதம் தொடக்கம் எனக்கு விளங்காமல் இருந்தது அப்போது விளங்கியது. அறிவு காணாமல் இல்லை. கண் கலங்கியிருந்த நேரம் பக்கத்துக் கட்டத்தை எழுதியிருக்கிறேன். கேட்டிருந்தால் அன்றைக்கே திருத்தியிருப்பார். கும்பிட்டேனே தவிர, கேக்கேல்லை.

பேச்சு இல்லை, பெயர் இல்லை, நாள் கிழமை இல்லை. அது மட்டும் அங்கே இருக்கிறது.

"நீங்கள் வென்றிட்டீங்கள், அங்கிள்" என்றேன். அவர் அந்தக் கையை எடுத்து மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சிவப்புப் பேனையால் திருத்தி, சாமான் கொப்பியில் எழுதுவதுபோல அடியில் எழுதினேன்:

ஆட்டங்கள் முப்பத்தெட்டு. பிழை ஒன்று, எழுதியவருடையது. திருத்தியவர்: பொ. ரெஸெக், கிராண்ட்மாஸ்டர்.