உடை விறகு வெந்நீர்

மதினி,

துவைத்துப் போட்ட பிறகும் என் சேலையில் உடைமர விறகின் புகை மணக்கிறது. நான் கேட்டது புளிய விறகு. விறகுக்கடை அண்ணாச்சிதான், "உங்க மதினி எப்பவும் உடையத்தானம்மா வாங்குவாங்க" என்று ஏற்றி அனுப்பிவிட்டார். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் இந்த வீட்டு அடுப்புக்கு எது வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்லுகிறீர்கள்.

நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது நீங்கள் கணவரை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருந்தீர்கள். சமையலறையை அன்றே என்னிடம் விட்டுவிட்டீர்கள். கொல்லையில் இருந்த வெந்நீர் அடுப்பை மட்டும் விடவில்லை. உங்கள் தம்பி, அதாவது என் வீட்டுக்காரர், ஹார்பரில் நிலக்கரி இறக்கிவிட்டு உடம்பெல்லாம் கரியாக வருவார். வந்ததும், "அக்கா, வெந்நி ஆச்சா?" என்பார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன்.

"ஏளா, பனமட்டை பத்துன வேகத்துல அணைஞ்சிரும். முருங்கை வெறும் பொக. புளி பிடிச்சா விடாது. உடைதான் சொன்ன பேச்சு கேக்கும்" என்பீர்கள். பதமான சூட்டில் விறகை வெளியே இழுத்துவிட்டு, பானையைத் தணலில் விட்டுவைப்பீர்கள். பச்சைத் தண்ணீர் ஒரு சொம்புகூடச் சேர்க்கமாட்டீர்கள். விளாவின தண்ணீர் அலுப்பைப் போக்காதாம்.

எனக்குப் புளிதான் உசத்தி. மெதுவாகப் பிடித்தாலும் நின்று எரியும், ஒரு கட்டையில் வீடே குளிக்கலாம். நீங்கள் குலசைத் தசராவுக்குப் போன அன்று புளியை வைத்துத் தளதளவென்று கொதிக்கவிட்டு, விளாவி, கையை விட்டுச் சூடு பார்த்துக் கொடுத்தேன். ஒரு சொம்பு ஊற்றியிருப்பார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அக்கா ஊருக்குப் போயிட்டாளா?"

"ஏன், சூடு காணலையா?"

"சூடாத்தான் இருக்கு" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. காய்ந்த உடைமுள்ளைக் கொளுத்தினாலும் அப்படி எரியாது.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு அடுப்பு என் கைக்கு வந்தது. புளியையே வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் குளித்தார். குறை சொல்லாததையே நல்ல பேராக எடுத்துக்கொண்டேன். அப்போதுதான் இந்த உடைக்கட்டு வந்து இறங்கியது. வேறு வழியில்லாமல் முந்தாநாள் அதை மூட்டினேன். என் கை, யாரும் சொல்லாமலே, நேரம் பார்த்து விறகை இழுத்தது. பானையைத் தணலில் விட்டது. விளாவவும் மனசு வரவில்லை.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "நல்லா இருந்துச்சுளா. அக்கா போட்ட வெந்நி கணக்கா இருந்துச்சு."

கல்யாணமான நாளிலிருந்து நான் காத்திருந்த சொல், மதினி. அதிலும் நீங்கள் பங்குக்கு வந்துவிட்டீர்கள்.

நேற்று கொல்லை மூலையெல்லாம் தேடி, மிச்சம் கிடந்த புளிக்கட்டையைப் பொறுக்கி வைத்தேன். கொதிக்கவிட்டு விளாவினேன். குளித்தார், சாப்பிட்டார், படுத்தார். உங்கள் பேச்சே எடுக்கவில்லை. ஜெயித்தாயிற்று என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பாருங்கள், அவர் உங்களை மறந்து குறட்டை விட்டுத் தூங்கினார். அடுப்பு முன்னால் உட்கார்ந்து இன்னும் உங்களோடு மல்லுக்கு நிற்பது நான் ஒருத்திதான்.