புல் இருக்கும் இடம்

சாரிபுலாக் மேய்ச்சல் நிலம்
ஜூன் 4

அன்புள்ள புருல்சா அக்காவுக்கு,

சைக்கால் எழுதுவது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் உன் பள்ளி வேலையை விட்டு வந்து இரண்டு வருடம். நாம் பேசியும் இரண்டு வருடம்.

தலைநகர் பிஷ்கேக்கில் ஒரு குழு, புது மாதிரிப் பள்ளி தொடங்குகிறவர்களைத் தேடிப் பிடித்து விருது கொடுக்கிறது. கடைசி ஐந்து பேரில் நானும் இருக்கிறேன். மந்தையோடு இடம் மாறும் கூடாரப் பள்ளியை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லையாம். விருது கிடைத்தால் என் பிள்ளைகளின் படிப்பை எல்லோரும் படிப்பென்று ஒப்புக்கொள்வார்கள். அதற்குப் பக்கத்து அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரின் கையெழுத்து வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கில் அது நீ ஒருத்திதான்.

நான் கிளம்பிய அன்று, "என் பிள்ளைங்க பதினோரு பேரத் திருடிட்டுப் போறவளுக்கு நான் அக்கா இல்ல" என்றாய். அக்காவாக வேண்டாம், தலைமை ஆசிரியராகவாவது வந்து பார்.

உன் தங்கை,
சைக்கால்

ஜூன் 15

சைக்காலுக்கு,

கண்ணால் பார்க்காததற்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை. அவ்வளவு மேலே ஏறி வந்து பார்க்க என் முழங்கால் இடம் கொடுக்காது. ஆடு போகிற பக்கமெல்லாம் போகிற பள்ளியில் என்ன பாடம் நடக்கும்?

பால் வண்டிக்காரரிடம் கம்பளிக் காலுறை கொடுத்திருக்கிறேன். உனக்குச் சீக்கிரம் சளி பிடிக்கும். இதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ளாதே.

புருல்சா

மேல் மேய்ச்சல் நிலம்
ஜூலை 9

அக்கா,

காலுறை அளவாக இருக்கிறது. கையெழுத்து இனி வேண்டாம்.

விண்ணப்பத்தில் முகவரி கேட்ட இடத்தில் 'சாரிபுலாக், புல் இருக்கும் இடம்' என்று எழுதியிருந்தேன். நம் ஆட்களுக்கு அது போதும். புல் தீர்ந்ததால் முன்னதாகவே மேலே ஏறிவிட்டோம். பள்ளியைப் பார்க்க வந்த விருதுக் குழு பழைய இடத்துக்குப் போயிருக்கிறது. "வட்டமா மஞ்சப் புல்லுதான் கெடக்கு, பள்ளிக்கூடம் எங்கன்னு கேட்டுட்டு ஜீப்பத் திருப்பிட்டாங்க" என்றார் பால் வண்டிக்காரர்.

பிள்ளைகள் மூன்று நாள் தலைவாரிக் காத்திருந்தார்கள். எனக்கு அழுகை வருகிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

சைக்கால்

ஜூலை 20

என் சைக்காலுக்கு,

சுயுஞ்சு. நல்ல சேதி கொண்டுவருகிறவள் நான். நம் வழக்கப்படி நான் கேட்ட பரிசை நீ கொடுத்தாக வேண்டும், பேரம் கிடையாது.

திரும்பிப் போன அந்தக் குழு நேராக என்னிடம்தான் வந்தது. "அப்படி ஒரு பள்ளிக்கூடம் நெசமாவே இருக்காம்மா?" என்று ஒரு பெண் கேட்டாள். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "ஜீப்பத் திருப்புங்க, நானும் வர்றேன்" என்றேன்.

கூடாரம் இருந்த வட்டத்துக்குள் காய்ந்த ஆட்டுப் புழுக்கை கிடந்தது. குப்பை என்று அவர்கள் தாண்டிப் போயிருக்கிறார்கள். நான் வலியோடு குனிந்து எண்ணினேன். வரிசைக்கு எட்டு, ஏழு வரிசை. உனக்கு ஐந்து வயதில் வாய்ப்பாடு நான் அப்படிப் புழுக்கையை அடுக்கித்தான் சொல்லிக்கொடுத்தேன். வேலையில் சேர்ந்த பிறகு ஒரு பள்ளி ஆய்வாளர் சிரித்தார் என்று வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். நீ விடவில்லை. அந்தப் பெண்ணுக்கு இதைச் சொல்லி, வரிசைகளை எண்ணிக் காட்டினேன். ஜீப்பின் பானட்டில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

நேற்று போனில் சொன்னார்கள். விருது உனக்குத்தான்.

இனி என் பரிசு. மேடையில் என்னைப் பக்கத்தில் நிறுத்த வேண்டாம். அடுத்த முறை புல் தீர்ந்து இடம் மாறும்போது, மற்ற எல்லோருக்கும் முன்னதாக எனக்கு ஒரு வரி எழுது. நீ எந்த மலையில் இருக்கிறாய் என்று இரண்டு வருடமாகப் பால் வண்டிக்காரரைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

உன் அக்கா,
புருல்சா