மலையணில் கடக்கும் கொப்பு

மச்சான்,

இன்றைக்குக் கொப்பு வெட்டு முடிந்தது. வெட்டின சவுக்கு மரத்தின் பச்சை வாசனை இன்னும் என் சட்டையில் இருக்கிறது. அந்த வாசனை வந்தாலே நீயும் வந்து நிற்கிறாய்: தலையில் துண்டு, வாயில் வெற்றிலை, பேச்சுக்குப் பேச்சு நக்கல். நீ மண்ணுக்குள் போய் இரண்டு வருடமாகிறது. உன் நக்கல் மட்டும் போகவில்லை.

நம் இருவருக்கும் ஒரே வேலை, தேயிலைக்கு வெயில் விழும்படி நிழல் மரங்களின் கொப்புகளைக் கழிப்பது. நான் மரத்தை மொட்டையடித்துவிடுவேன். "இவன் வெட்டுனா சுத்தமா இருக்கும்" என்று மேற்பார்க்கும் கண்டாக்கையா சொன்னால் எனக்குத் தலைகால் புரியாது. நீயோ, காட்டிலிருந்து ஆற்றோரம் போகும் வரிசையில், அடுத்த மரத்தைத் தொடும் கொப்பை மட்டும் விட்டுவிடுவாய். கேட்டால், "அது மலையணில் போற ரோடுடா. தரையில எறங்குனா செத்துச்சு" என்பாய். நான் சிரிப்பேன்.

ஒருமுறை நீ காய்ச்சலில் படுத்தபோது உன் வரிசையும் என் கைக்கு வந்தது. ஒன்று விடாமல் வெட்டித் தள்ளினேன். நான்கு நாள் கழித்து, நாம் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால் என் கரட் பாத்தியில், முள்ளம்பன்றிக்கு நான் போட்டிருந்த கம்பிக் கண்ணியில் பூனையளவு மலையணில் ஒன்று மாட்டிக் கிடந்தது. மரத்தில் வழியில்லாமல் இறங்கியிருக்கிறது. பெட்டை. மடியில் பால் இருந்தது.

காய்ச்சல் விட்டும் விடாததுமாய் நீ ஓடி வந்தாய். கம்பியை அறுத்து அதைத் துண்டில் சுற்றுவதற்குள் அதன் உயிர் அடங்கிவிட்டது. நீ திட்டியிருந்தால்கூடத் தேவலை. "குட்டி எங்க கெடக்கோ, தெரியலயே மச்சான்" என்று மட்டும் சொன்னாய். பொழுது சாயும்வரை கூட்டைத் தேடினோம். கிடைக்கவில்லை. எனக்கு இன்றும் அது உறுத்துகிறது.

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு லயம் லயமாகப் போனாய். "கண்ணியக் கழட்டுங்க, வேலி அடிக்க நாங்க வாறோம். நாயக் கட்டிப் போடுங்க. அடிபட்ட அணிலக் கண்டா வனஜீவி ஆபீசுக்குச் சொல்லுங்க" என்பது உன் பங்கு. "நான்தாங்க அதக் கொன்னேன்" என்பது என் பங்கு. சிலர் உன் பேச்சுக்குக் கழட்டினார்கள். பலர் என் முகத்தைப் பார்த்துக் கழட்டினார்கள்.

இந்த வருடம் புதுக் கண்டாக்கையா. நான் இப்போதும் கொப்பு விட்டே வெட்டும் உன் வரிசையைப் பார்த்து, "இதென்ன அரைகுறை வேல? எல்லாத்தையும் கழிங்க" என்றார். இப்படியான நேரத்தில் நீதான் பேசுவாய். நான் உன் முதுகுக்குப் பின்னால் நிற்பவன். நானே முன்னால் வந்தேன். "ஐயா, ஒருவாட்டி நான் சுத்தமா வெட்டுனேங்க" என்று தொடங்கி, கண்ணி, பால், தேடிக் கிடைக்காத குட்டி என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் அந்தக் கொப்பை அண்ணாந்து பார்த்தார். "சரி, அந்த வரிசை இருக்கட்டும்" என்றார்.

வாசல் வாசலாக என்னைச் சொல்ல வைத்தபோது உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம், மச்சான். தண்டனை என்றே நினைத்திருந்தேன். நீ இல்லாத இடத்தில் எனக்கென்று இருக்கிற ஒரே பேச்சு அதுதான்.