கீழ் அறையில் நின்ற ரோட்மாஸ்டர்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதுவது. போனில் எங்களோடு வந்து இருங்கள் என்ற பேச்சை எடுத்தாலே “அடுப்புல பால் வெச்சிருக்கேன்” என்று வைத்துவிடுகிறீர்கள். ஒற்றை ஆளுக்கு எவ்வளவு பால்தான் காய்ச்சுவீர்கள்? கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இடுப்பு எப்படி இருக்கிறது? வாக்கரைப் பிடித்துக்கொண்டு பால்கனி வரை போனதாகத் தங்கையிடம் சொன்னீர்களாம். கேட்டதும் சந்தோஷத்தில் குதித்தாள். ஆனாலும் மூன்றாவது மாடி மூன்றாவது மாடிதான். இனி படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு அங்கே நீங்கள் இருப்பது கூண்டில் இருப்பது மாதிரி.

விஷயத்துக்கு வருகிறேன். காரை விற்றாகிவிட்டது. “எனக்காக விக்காதீங்க, நான் வர மாட்டேன்” என்று நீங்கள் சொன்னதைக் கேட்காததற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டில் தரைத்தளத்தில் இருப்பதே ஒரு அறை. அதில் ஐம்பத்தொன்றாம் வருடத்து பியூக் ரோட்மாஸ்டர் கால் நீட்டிப் படுத்திருந்தால் உங்களை எங்கே படுக்க வைப்பது?

விளம்பரம் நான்தான் எழுதினேன். பின் கதவில் ஒரு கீறல், மழை நாளில் வைப்பர் சோம்பல், கடிகாரம் ஓடாது என்று எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். தங்கை படித்துவிட்டு, “இது விக்கிற விளம்பரமா, ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டா?” என்றாள்.

முதலில் ஒரு ஹோட்டல்காரர் வந்தார். காரின் முன்பக்கக் கிரில்லின் பல்வரிசையைத் தடவித் தடவிப் பார்த்தார். நாள் முழுக்க அடுத்தவர்களுக்குப் பல்செட் செய்கிறவன் நான். அந்தக் குரோமியப் பற்களை எப்படித் தேய்த்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் மனிதர், “எஞ்சினைக் கழட்டிப் போட்டுடலாம். நடுவுல ஒரு டேபிள் போட்டா பசங்க உக்காந்து ஐஸ்கிரீம் சாப்பிடுவாங்க” என்றார். வண்டி நேற்றே விலைபோய்விட்டது என்று சொல்லிவிட்டேன். அவர் தெருமுனை தாண்டும்வரை காத்திருந்து, “யாருக்குங்க வித்தீங்க?” என்றாள் உங்கள் தங்கை.

அடுத்த வாரம் ஒரு அம்மாள் வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவராம். வந்ததும் டார்ச்சை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டார். வெளியே வந்து கையைத் துடைத்தார், சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பவில்லை. இந்த இடத்தில் எல்லோரும் பேட்டரியைத்தான் திட்டுவார்கள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆக்சிலேட்டரை மிதிச்சாதானே இது எழுந்திருக்கும்?” என்று மிதித்தார். எட்டு சிலிண்டரும் ஒரே மூச்சில் முனகத் தொடங்கின. நான் என்னை அறியாமல் பானட்டைத் தட்டிக்கொடுத்தேன்.

அதை அவர் பார்த்துவிட்டார். “உங்களுக்கு விக்க மனசே இல்லையே சார். வீட்டுல கட்டாயப்படுத்துறாங்களா?” என்று கேட்டார். படிக்கட்டில் நின்றிருந்த உங்கள் தங்கைக்குப் பொறுக்கவில்லை. “ஐயோ, வேண்டாம்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேங்க. எங்க அக்காவுக்கு இந்த ரூம் வேணும்னு இவர்தான் ஒத்தக்கால்ல நிக்கிறார்” என்றாள். அந்த அம்மாள் எஞ்சினை அணைக்கவே இல்லை. “அப்ப உங்க அக்காவை வரச் சொல்லுங்க. நான் வண்டியை இப்பவே எடுத்துக்கறேன்” என்றார்.

வண்டி திரும்பி மறையும்வரை நாங்கள் வாசலில் நின்றோம். பிறகு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவ்வளவுதான். வருத்தமா என்று கேட்டால், முதல் இரண்டு நாள் காலையில் சும்மா கீழே இறங்கிப் போய் நின்றேன். இப்போது கொத்தனார் வேலை நடப்பதால் அதற்கும் இடமில்லை. ஷட்டர் இருந்த இடத்தில் சுவர் எழுப்பி, தெருவைப் பார்த்த மாதிரி ஜன்னல் வைத்திருக்கிறோம். பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டாயிற்று. உங்கள் உயரத்துக்குத் தங்கை தன் தோளை வைத்து அளவு காட்டினாள்.

அக்கா, நேரில் சொல்ல வாய் வராத ஒன்றை எழுதிவிடுகிறேன். நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய அந்த மாதம், குழந்தைக்கென்று கீழ் அறைக்கு அடித்த மஞ்சள் பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. அந்த அறையைக் காலியாகப் பார்க்க முடியாமல்தான் எங்கோ துருப்பிடித்துக் கிடந்த வண்டியை லாரியில் ஏற்றிவந்து, சுவரை இடித்து ஷட்டர் வைத்து உள்ளே நிறுத்தினேன். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். உங்கள் தங்கை என் முகத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் ஒருவர்தான், “அவருக்கு அழத் தெரியலடி. கைக்கு ஏதாவது வேலை இருக்கட்டும், விடு” என்று சொன்னீர்கள். அவளுக்குத் தலை வாரிவிட்டு, சாப்பிட வைத்து, தூங்கவைத்த பிறகு கீழே வந்து, என்னோடு உட்கார்ந்து கதவுக்கு உப்புத்தாள் தேய்த்தீர்கள். நான் பைத்தியமாகாமல் இருப்பதும், இவள் இன்று என்னைக் கேலி பேசுவதும் நீங்கள் போட்ட பிச்சை. நன்றி என்று எழுதினால் திட்டுவீர்கள். எழுதிவிட்டேன், திட்டுங்கள்.

அறை இப்போது காலியாகத்தான் இருக்கிறது. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இல்லை. ஆட்கள் வருவதற்கு முன்னால் வீடு அப்படித்தானே இருக்கும்?

அடுத்த ஞாயிறு நான் வேனோடு வருகிறேன். படியில் உங்களை நாற்காலியோடு இறக்க என் பல்செட் பட்டறையில் இரண்டு பேர் தயார். மாட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். நாங்கள் ஒருவர் மனம் ஒருவரால் நோகக்கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பேசியே பழகிவிட்டோம் அக்கா. எங்களை அதட்ட இந்த வீட்டில் ஒரு ஆள் வேண்டும்.

என்றும் உங்கள் நலம் வேண்டும்,
தங்கை வீட்டுக்காரன்