சுகந்தியின் டார்ட்டன் சால்வை

இஞ்சாருங்கோ,

இருபத்திரண்டு வருடம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். நீங்கள் கண்ணை மூடி ஐந்து வருடமாகியும் வேறு பெயர் வாயில் வருவதில்லை. எங்கள் சுகந்திக்குப் போன சனிக்கிழமை கலியாணம் முடிந்தது. மாப்பிள்ளை ஈயன், ஸ்கொட்லாந்துக் குடும்பத்துப் பிள்ளை. நல்ல பொடியன், என் மீன்குழம்பை மூக்கு வடிய வடியச் சாப்பிடுவான்.

காலையில் றிச்மண்ட் ஹில் கோயிலில் தாலி, பின்னேரம் அவர்களுடைய தேவாலயத்தில் மோதிரம் என்று பேசி முடித்தோம். மோதிரம் மாற்றியதும் மாப்பிள்ளையின் தாய் தங்கள் குலத்துக் கட்டம்போட்ட டார்ட்டன் சால்வையை மணப்பெண்ணின் தோளில் குறுக்காகப் போட்டு ஊசி குத்துவாராம். அதோடு பெண் அவர்கள் வீட்டுப் பிள்ளையாம். அந்தத் துணியை வீட்டில் விரித்ததும் உங்கள் அக்கா, "உது சாரமெல்லோ?" என்றார். நீங்கள் இருந்திருந்தால் லுங்கி மாதிரி இடுப்பில் சுற்றியே பார்த்திருப்பீர்கள்.

ஒத்திகைக்கு நான்தான் சுகந்திக்குப் போட்டுவிட்டேன். சேலைத் தலைப்புப் போடுகிற பழக்கத்தில் கை இடது தோளுக்குப் போய்விட்டது. ஈயனின் தாய் மார்கரெட் சிரித்துவிட்டார். இடது தோள் குலத்தலைவரின் மனைவிக்குத்தானாம், மற்றவர்களுக்கு வலதாம். "அவள் உங்கடை வீட்டிலையும் தலைவியாத்தான் இருப்பாள்" என்றேன். சுகந்தி அதை மொழிபெயர்க்க மாட்டேன் என்றுவிட்டாள்.

சிரித்தேனே தவிர, மனம் நிம்மதியாக இல்லை. உங்கள் அக்கா முதல்நாளே சொல்லியிருந்தார். "குறை நினையாதை. புருசன் இல்லாதவள் முன்னுக்கு நிண்டால் சனம் கதைக்கும்." கோபம் வந்தது. பயமும் வந்தது. என் கை பட்டு என் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கோயிலில் அக்காவும் அத்தானும் தாரைவார்த்தார்கள். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்று தாலி கட்டுவதைப் பாதிதான் பார்த்தேன். உங்களைத் திட்டினேன், கேட்டதோ?

தேவாலயத்திலும் மூன்றாம் வரிசையில் ஒதுங்கிக்கொண்டேன். மார்கரெட் சால்வையைப் போட்டார். வாதம் பிடித்த விரல்கள், ஊசி நிற்கவில்லை. திரும்பி என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். வீடியோக்காரரும் கமராவை என் பக்கம் திருப்பிவிட்டார்.

"அம்மா, வாங்கோ. ப்ளீஸ்" என்றாள் சுகந்தி.

கிட்டப் போய், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நான் புருஷன் இல்லாதவள் என்று மெதுவாகச் சொன்னேன். அதனால் என்ன என்று மார்கரெட்டுக்கு விளங்கவில்லை. "நானும் அப்படித்தானே" என்று சொல்லி ஊசியை என் கையில் வைத்தார்.

அது எனக்குத் தெரியாத விஷயமா? காலையிலிருந்து பூவைத்த தொப்பியோடு முன்வரிசையில்தானே இருந்தார்? அதை ஒருவரும் குறை சொல்லவில்லை, நான் உட்பட.

குத்தினேன். ஒரு நூலும் இழுபடவில்லை. சுகந்தி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். திரும்பி வந்தபோது உங்கள் அக்கா நகர்ந்து இடம்விட்டார். பிறகு, "வடிவாக் குத்தியிருக்கிறாய்" என்றார். அவர் வாயிலிருந்து அந்தப் பாராட்டு வந்ததே பெரிது.

எங்கள் சின்னவனும் ஒரு பெண்பிள்ளையைக் கூட்டிவந்து காட்டியிருக்கிறான். அவன் கலியாணத்தில் தாலித் தட்டை நானே ஏந்திக்கொண்டு போய் எல்லோரிடமும் ஆசீர்வாதம் வாங்குவேன். சனம் கதைக்கும், என்றாலும் தட்டை இன்னொருவரிடம் கொடுக்கமாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் அம்மா, என்றும் உங்கள் மனைவி,
சரசு