குதிரைக்கு எதற்கு மணி

அப்பாவுக்கு மருதப்பன் வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பூண்டு மூட்டை ஏற்றி இறக்க ஆள் வைத்துக்கொண்டீர்களா? இங்கே கிராஞ்சி குதிரை லாயத்தில் எனக்கு வேலை நன்றாகவே போகிறது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

ஒரு சின்ன விஷயம், பயப்பட வேண்டாம். நான் பார்த்துக்கொண்ட கிழட்டுக் குதிரைக்கு, இங்கே தமிழ்க் கடைகள் இருக்கும் தேக்காவில் ஒரு மணி வாங்கிக் கட்டினேன். சந்தைக்குப் போகும் வழியில் சோலைக்காட்டில் தங்கும்போது, நம் குதிரை செவலைக்குத் தளை போட்டு மணி கட்டி மேயவிட்டு, சேணத்தில் தலை வைத்துப் படுப்போமே, அந்தப் பழக்கம்தான்.

மேற்பார்வையாளர் சுந்தரேசன் சிரித்தார். "மணி எதுக்கு லா? நாலு பக்கமும் சுவரு. இவன் எங்க போயிடப் போறான்?" ஆனாலும் அவிழ்க்கச் சொல்லவில்லை.

போன திங்கட்கிழமை அது வயிற்றுவலியில் படுத்தது, எழவில்லை. டாக்டர் ஊசி போட்டார். அதன் தலை என் மடியில்தான் இருந்தது. மணியை நானே கழற்றினேன். வயதான குதிரை, அவ்வளவுதான்.

அடுத்த முறை காட்டில் தங்கும்போது தங்கச்சி சுதாவின் போனை வாங்கிப்போங்கள். செவலை மேயும் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள், அவள் அனுப்பிவிடுவாள். பத்து நிமிடம் போதும்.

வேலைக்கு ஏற்றிப்போகும் லாரி ஹாரன் அடிக்கிறது, நிறுத்துகிறேன். காட்டில் மணிச்சத்தம் நின்றால்தான் நமக்கு விழிப்பு வரும். இங்கே பன்னிரண்டு பேர் தூங்கும் அறையில் நான் தினமும் விழித்துக்கொள்கிறேன், அப்பா.

மருதப்பன்