தனியாக ஆடிய ஜோடி நடனம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

நேற்று டெக்சாஸில் ஒரு நடனக் கூடத்தில் எங்கள் கன்ட்ரி இசைக்குழு வாசித்தது. கடைசிப் பாட்டுக்கு ஒரு பெரியவர், மனைவியை அணைத்திருப்பதுபோல் கைகளை வளைத்துக்கொண்டு தனியாக ஆடினார். பாட்டு முடிந்தும் அவர் நிற்கவில்லை.

"நிறுத்தாத புள்ள, மனுஷன் ஆடி முடிக்கட்டும்," என்றார் பாடகர் ராய்ஸ். திரும்பத் திரும்ப வாசித்தோம்.

பிடில் வாசித்தபடியே நான் அழுது மூக்கை உறிஞ்சினேன்; அதனால் குழுவின் பேருந்தில் ஒரே கேலி: "வெர்னா, உன் பிடிலுக்குச் சளி பிடிச்சிருக்கா?"

அம்மா இறந்துபோனபின் நீங்கள் சனிக்கிழமை நடனத்துக்குப் போவதே இல்லையாமே; சித்தி சொன்னாள்.

வண்டி கிளம்புகிறது. அம்மாவின் நடன பூட்ஸை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். எனக்கும் அதே அளவுதான்.

வெர்னா